இரண்டாம் சனிக்கிழமை வரிசை

நறுமுகைக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி நாட்களில் அவளை எழுப்ப நானும் என் மனைவி விமலாவும் முறை வைத்துக்கொண்டு கத்த வேண்டும். அப்படிப்பட்ட என் மகள் அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே சீருடை போட்டு, தலை பின்னி, செருப்பும் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே எங்கள் குடும்ப அட்டை, அவளுடைய பிறப்புச் சான்றிதழ், ஆதார்.

"எங்கடி கிளம்பிட்ட? இன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை. லீவு."

"தெரியும்ப்பா. ஸ்கூல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"அங்க போய்?"

"நிக்கணும்."

எதற்கு என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். நிற்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. "பேரை எடுத்துடுவாங்கப்பா" என்றாள். யார் எடுப்பார்கள், எதிலிருந்து எடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியாது. ஆனால் உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். என்னால் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

பள்ளியின் வாசல் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் அறுபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒரு கை இடைவெளி விட்டு. எல்லார் கையிலும் ஒரு உறை. காலில் மாவுக்கட்டு போட்ட ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் பேசவில்லை. நறுமுகை கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

காவலாளி சவரிமுத்து என்னிடம் வந்தார். "மூணு மாசமா இப்படித்தான் சார். பத்து பேர்ல ஆரம்பிச்சுது. பூட்டியிருக்கு, போங்கடான்னா, பரவால்ல அண்ணேன்னு நிக்குதுங்க. ஒம்பதரை பத்துக்கு அதுங்களா கலைஞ்சு போயிடுதுங்க. சண்டை இல்ல, சத்தம் இல்ல. புள்ளைங்க சத்தம் போடலேன்னா எனக்கு பயமா இருக்கு சார்."

எனக்கும் பயம் வந்தது. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் மண்டைக்குள் இருந்த சரக்கை ஏற்றியவன் நான்தான்.

திருச்சி புறவழிச்சாலையில் நான் வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்தின் பெயர், பலகையில் இரண்டு வரி நீளம். நாங்கள் சுருக்கமாகத் தொப்பி ஆபீஸ் என்போம். நாட்டுப்பற்றைப் புத்தகத்தில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதை ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிக்க அந்தக் குழு இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எந்த வாத்தியாரைக் கேட்டிருந்தாலும் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அதனால் உணர்வையே நேராகக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. நாட்டை உண்மையாக நேசிக்கும் ஒருவர் தேசிய கீதம் கேட்கும்போது அவருடைய மூளையில் நடப்பதை ஒயர் கோத்த தொப்பி ஒன்று பதிவு செய்யும். ஒவ்வொரு திங்கள்கிழமையும் முதல் வகுப்பில் அதே பதிவைப் பிள்ளைகளின் தொப்பிக்குள் பத்து நிமிடம் ஓட்டுவோம். தொப்பி போடாத பிள்ளைக்குத் தேர்வு எழுத அனுமதி இல்லை.

எங்கள் இயக்குநர் டாக்டர் கோமதிநாயகம் திருநெல்வேலிக்காரர். "மாம்பழம் இனிக்கும்னு நூறு தடவை எழுதிப் போடச் சொல்லுததவிட, ஒரு துண்டு நறுக்கி வாயில வச்சிரலாம்லா?" என்று அமைச்சகத்து ஆட்களிடம் விளக்குவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிரச்சினை, மாம்பழம் கிடைக்கவில்லை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அழைத்தோம். தொப்பியோடு இணைத்த மீட்டரில் முள் நூற்றுக்கு முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. "பாட்டு போட்டதும் முழங்கால் வலிதான் தம்பி முதல்ல ஞாபகம் வருது" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னார். மேடைதோறும் நாட்டைப் பற்றியே முழங்குகிற ஒருவர் தாமாகவே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். முள் அசையவில்லை. கருவி பழுதாகிவிட்டது ஐயா என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தோம். மற்றபடி சாதாரண ஆட்கள் எல்லாருக்கும் பத்து, பதினொன்று. நானும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். பதினொன்று.

அப்படி நாற்பது பேர் ஆனபின், ஒரு நாள் புதிதாக வந்த தொப்பி சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு தலை வேண்டியிருந்தது. அறையைத் துடைத்துக்கொண்டிருந்த நிரோஜினியை உட்காரச் சொன்னேன். ஒப்பந்தத்தில் துப்புரவு வேலைக்கு வந்த பெண். இருபத்தாறு வயதிருக்கும். பாட்டைப் போட்டதும் அவள் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். ஒயர் அறுந்துவிடப் போகிறதே என்று நான் கத்தினேன். பிறகுதான் முள்ளைப் பார்த்தேன். எண்பத்தேழு.

படிவத்தில் பெயர் எழுதக்கூடாது என்பது விதி, எண் மட்டும்தான். வயது போட்டேன். பெண் என்று போட்டேன். நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அதை அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய பதிவு, மாதிரி எண் நாற்பத்தொன்று, பள்ளிகளுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் நாற்பதாயிரம் பிள்ளைகள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஆபீஸுக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை கிடையாது. ஆனால் நிரோஜினி மட்டும் அந்த ஒரு நாள் தவறாமல் லீவு போடுவாள். ஏன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

திங்கள்கிழமை தேநீர் பிளாஸ்க்குகளைக் கழுவிக்கொண்டிருந்த அவளிடம் போய்க் கேட்டேன்.

"செக்கிங் சார்" என்றாள் சாதாரணமாக. "நாங்க முகாம்ல இருக்கோம்ல. சிலோன் அகதி முகாம். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஆபீஸர் வந்து பேர் கூப்பிடுவாரு. கார்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும். ஆள் இல்லேன்னா பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் பதிவுல ஏத்த அலையா அலையணும்."

நான் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டேன். "நீ எப்ப இங்க வந்த?"

"நான் எங்கேயிருந்தும் வரல சார். அம்மாவும் அப்பாவும்தான் படகுல வந்தாங்க. நான் இங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பொறந்தேன். தங்கச்சி டிலானியும் அப்படித்தான். சிலோனை நான் டிவியிலதான் பாத்திருக்கேன்." குழாயை மூடினாள். "குடியுரிமைக்கு மனு போட்டு ஆறு வருஷம் ஆச்சு. ஏன் சார் கேக்குறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் ஈரக்கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னோடதா? அத்தனை புள்ளைங்களுக்கும் என்னோடதா சார் குடுக்குறீங்க?" அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "எட்டாவது படிக்கையில என்.சி.சி.க்குப் பேர் குடுத்தேன் சார். சாரு லிஸ்ட்ல எழுதிட்டாரு. அப்புறம் பேரை அடிச்சுட்டாரு. அவர் மேல தப்பு இல்ல, ரூல்ஸ். 'நீ இந்தியா இல்லம்மா'ன்னு தன்மையாத்தான் சொன்னாரு. மறுநாள் அசெம்பிளியில உறுதிமொழிக்குக் கையை நீட்டணும். நீட்டலாமா கூடாதான்னு தெரியல. நீட்டிட்டேன். அன்னிலேருந்து எல்லாரையும்விட சத்தமா நான்தான் சொல்லுவேன். யாராச்சும் பாத்தா தெரியட்டும்னு."

பிறகு வரிசையைப் பற்றிச் சொன்னேன். மாவுக்கட்டு போட்டவள், நறுமுகையின் உறை, பேரை எடுத்துடுவாங்கப்பா என்று அவள் சொன்னது. நிரோஜினி குழாயைத் திறந்து, கழுவிய பிளாஸ்க்கையே மறுபடி கழுவினாள்.

"அதைக் குடுக்கணும்னு நான் நினைக்கல சார்" என்றாள். "சத்தியமா."

இயக்குநர் அறைக்குப் போனால் அவர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். "பாத்தீராவே? பள்ளிக்கூட வருகை தொண்ணூத்தெட்டு சதவீதம்! காய்ச்சல்ல கெடக்குற பிள்ளகூட 'உள்ளேன் ஐயா' சொல்ல ஓடி வருது. டெல்லியில ஒரே சந்தோசம்."

"அது பற்று இல்ல சார். தொரத்திடுவாங்களோங்கற பயம்." நான் நின்றுகொண்டே சொன்னேன். அந்த வாரம் முழுக்க என்னால் எங்கேயும் உட்கார முடியவில்லை. "நாற்பத்தொன்னுல ரெண்டும் கலந்து கிடக்கு. பயத்தை மட்டும் வடிகட்டி எடுத்துட முடியாதா?"

"அல்வாவுலேருந்து சீனிய மட்டும் எடுக்கச் சொல்லுதீரு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூரிப்பு வடிந்திருந்தது. "ஆறு மாசமா முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன். நீர் மட்டுந்தான் பாத்தீருன்னு நெனைக்காதேரும். எம் பேத்தி பாஸ்போர்ட்டைத் தலையணைக்குக் கீழ வச்சுக்கிட்டுத் தூங்குதா. எடுத்துப் பீரோவுல வச்சா அழுதா. யாருவே அந்த நாற்பத்தொன்னு?"

சொன்னால் அவள் மனு அத்தோடு முடிந்தது என்று பயந்தேன். வேறு நாட்டுப் பெண்ணின் உணர்வை நம் பிள்ளைகளுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று நாளைக்கே தலைப்புச் செய்தி வரும். ஆனால் பேத்தியைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நிரோஜினி என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு என் மண்டையில் ஒரு பெரிய யோசனை உதித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அவளுக்குக் குடியுரிமை வாங்கிக் குடுங்க சார். பயம் போயிடும். பற்று இருக்கும். அப்புறம் மறுபடி பதிவு பண்ணுவோம். சுத்தமானதா கிடைக்கும். பழசைத் தூக்கிப் போட்டுடலாம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தோளில் தட்டினார். "வே, உமக்கு மூளை இருக்குன்னு இவ்வளவு நாள் சொல்லவே இல்லியே!"

தேசிய நலன் கருதி என்று தொடங்கும் ஒரு கடிதம் போயிற்று. ஆறு வருடம் அசையாத கோப்பு பதினோரு வாரத்தில் நகர்ந்து, கையெழுத்தாகி வந்தது. நிரோஜினி ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு.

"தங்கச்சியும் நானும் ஒரே நாள்ல மனு போட்டோம் சார். எனக்கு அடுத்த நம்பர் அவளுது. அவளுக்கும் வந்துடும்ல?"

"வராம எங்க போகும்?" என்றேன். உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை பதிவு. இயக்குநர் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்திருந்தார். நிரோஜினி புதுப் புடவை கட்டி வந்தாள். தொப்பியை மாட்டினேன். பாட்டைப் போட்டேன். அவள் எழுந்து நின்றாள், நிதானமாக, எல்லாரும் நிற்பதைப்போல.

முள் பதினொன்றில் நின்றது.

இயக்குநர் ஒயர்களைச் சரிபார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். பதினொன்று. தொப்பியை மாற்றிப் போட்டோம். பத்து.

"பாட்டு ஓடுதப்ப என்னம்மா நெனச்ச?" என்று அவர் கேட்டார்.

அவள் நெளிந்தாள். "உண்மையைச் சொல்லவா சார்? காலையில கிளம்புற அவசரத்துல கேஸை மூடினேனா இல்லையான்னு..." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. பதினொன்று! என்னுடைய எண். இந்த நாட்டிலிருந்து யாரும் தன்னை எங்கேயும் அனுப்பிவிட முடியாது என்று தெரிந்த ஆள் வாங்குகிற எண் அது. அந்தப் பெண் ஒரு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் இயக்குநரின் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அவள் போன பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "பேப்பர் கிடைக்காத ஆளுங்க அந்த முகாம்ல இன்னும் எத்தன பேர் இருப்பாங்கவே?"

"எதுக்கு சார்?"

"எண்பத்தேழு வேண்டாம். அம்பது, அறுபது இருந்தாப் போதும். பயம் கொஞ்சம் கம்மியா உள்ள ஒருத்தர் கிடைக்காமலா போயிருவாங்க? எம் பேத்திக்கும் அதான நல்லது." இருமிக்கொண்டார். "பதிவெல்லாம் எடுத்து முடியுறவரைக்கும் அந்த ஃபைல்கள அவசரப்படுத்த வேண்டாம்னு மேல ஒரு வரி எழுதிப் போடணும். குடுத்த பிற்பாடு என்ன ஆவுதுன்னு கண்ணால பாத்துட்டோமே."

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. அவர் கோபப்படவில்லை. "வேற வழி இருந்தாச் சொல்லும்" என்றார். வழி சொல்லித்தானே இவ்வளவும் ஆயிற்று! மூன்று நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. விமலாவிடம்கூட. நிரோஜினி எதிரே வந்தால் கோப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு போனேன்.

அவளாகத்தான் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். "அந்தப் புள்ளைங்களை ஒரு தடவை பாக்கணும் சார். வர சனிக்கிழமைதானே? காலையில வந்துடறேன். முகாம்ல பதினோரு மணிக்குத்தான் செக்கிங். எனக்கு இனிமே இல்ல. அம்மாவையும் டிலானியையும் வரிசையில விட்டுட்டு நான் மட்டும் நிழல்ல உக்காந்து பாக்கணும்" என்று சிரித்தாள்.

சனிக்கிழமை வரிசை பள்ளிச் சுவர் திரும்பும் இடம்வரை நீண்டிருந்தது. நூற்று நாற்பதுக்குக் குறையாது. சில பெற்றோர் சாலைக்கு அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நிரோஜினி பேருந்திலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய கால் தானாகவே வரிசையின் கடைசியை நோக்கி ஓர் எட்டு வைத்தது. பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"பேர் கூப்பிட யாரும் வரலையே சார். அதான் நிக்குதுங்க" என்றாள் மெதுவாக. "கூப்பிட்டாப் போயிடும்ங்க."

சவரிமுத்துவிடம் வருகைப் பதிவு நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கினாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி வாசலில் போட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, எங்கேயோ பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அச்சு அசல் ஓர் அதிகாரிதான். "அடுத்து" என்று கூப்பிட்டாள். பெயரைக் கேட்டு எழுதினாள். அட்டையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

"இருக்கே. போ."

முதல் பிள்ளையின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அது இரண்டடி நடந்து, பிறகு ஓட ஆரம்பித்தது. அடுத்தது. அடுத்தது. ஒரு மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. ஓடிப்போன பிள்ளைகள் தெருமுனையில் கூடிக் கத்தத் தொடங்கியிருந்தார்கள். சவரிமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நறுமுகை என்னிடம் ஓடி வந்து, "பேர் இருக்குப்பா!" என்றாள். உறையை என் கையில் திணித்துவிட்டு மற்றவர்களோடு விளையாடப் போய்விட்டாள். நான் வெளிப்படையாகவே அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு நிரோஜினி நோட்டை மூடினாள். "மாசாமாசம் நான் வரேன் சார். நீங்க புதுப் பதிவு எடுக்குறவரைக்கும்."

அப்போது எங்கள் ஆபீஸ் வேன் சாலையில் கடந்து போனது. பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தொப்பிப் பெட்டிகள் அடுக்கியிருந்தது தெரிந்தது. வேன் தெற்கே திரும்பியது.

"நம்ம வண்டி சார். எங்க முகாம் ரோட்டுல எதுக்குப் போகுது?"

இனி மறைக்க முடியாது. மூன்று நாளாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். அவளுடைய பதினொன்றைப் பார்த்துவிட்டு இயக்குநர் முகாமில் புது ஆள் தேடுகிறார் என்று. கோப்புகளை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிய அந்த ஒரு வரியையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மறுபடியும் பழைய முகமாக மாறிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு செக்கிங். ஒருத்தர் விடாம வரிசையில நிப்பாங்க" என்றாள். "அதைத் தெரிஞ்சுதான் இன்னிக்குப் போறாங்க, இல்ல?"

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். "ஏறு. குறுக்கு வழியில போனா முந்திடலாம். டிலானிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லு. தொப்பியை மாட்டினா பாட்டைக் காதுல வாங்க வேணாம். கேஸை நினைக்கச் சொல்லு, குழம்பை நினைக்கச் சொல்லு, பஸ்ஸை நினைக்கச் சொல்லு. எல்லாருக்கும் சொல்லு. பதினொன்னு காட்டினா விட்டுடுவாங்க."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போனை எடுத்தது கண்ணாடியில் தெரிந்தது. ஆனால் எண்ணை அழுத்தவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மத்தவங்களுக்குச் சொல்லலாம் சார்" என்றாள். "டிலானியால முடியாது. அசெம்பிளியில அஞ்சு வருஷம் அவதான் அந்தப் பாட்டைப் பாடினா. இப்பவும் எங்க கேட்டாலும் அவளுக்கு அழுகை வந்துடும்."

நான் வேகத்தைக் கூட்டினேன். குறுக்கு வழி முகாம் சாலையைத் தொட்டபோது வேன் இன்னும் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.